கூடு விட்டுக் கூடு

லியெபாயாவில் ஜனவரி.
கடற்காற்று ட்ராம் கம்பிகளை மீட்டிப் பார்த்து
சுருதி சேராமல் விட்டுவிட்டுப் போகிறது.
மூன்றாம் மாடியில் வெல்கா
ஓர் அடைப்புக்குறியைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

திறந்தது இருக்கிறது. மூடியதைக் காணோம்.
இரண்டாயிரத்து நானூறு வரிகளில் எங்கோ
ஒரு கதவு
குளிரில் அடித்துக்கொண்டே இருக்கிறது.

பழைய ரேடியோ பழுதுபார்ப்போர் கழகம்.
அவர்களுடைய மென்பொருளுக்கு
முதல் உடுப்புத் தைத்தவள் இவள்தான்:
காப்பிப் பழுப்பில் பின்னணி,
வால்வு எரியும் நிறத்தில் எழுத்து,
புதுச் செய்தி வந்தால்
இடது ஓரத்தில் ஒரு மஞ்சள் கோடு,
இரண்டு புள்ளி அகலம்.

அப்போதெல்லாம் அட்டவணை.
கட்டத்துக்குள் கட்டம், அதற்குள்ளும் கட்டம்.
நான்கு மூலைக்கும் படம் வெட்டி ஒட்டி
வளைவு என்று நம்ப வைத்தாள்.

இரண்டாம் பதிப்பில்
கோப்புகள் எல்லாம் தரவுத்தளத்துக்குக் குடிபோயின,
சாவியை யாரிடம் கொடுத்தார்கள் என்று சொல்லாமல்.
மூன்றாவதில்
வார்ப்புருவுக்குள் யாரும் யோசிக்கக் கூடாது என்று சட்டம்.
'என்றால்', 'இல்லையென்றால்' இரண்டையும்
செருப்பைப் போல வாசலிலேயே
கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.
நான்காவது வந்த வாரம் அவளுக்குப் பிரசவம்.
தையல் பிரிப்பதற்குள்
அதையும் பிரித்துப் பார்த்துவிட்டாள்.

தோன்றல், திரிதல், கெடுதல்:
எந்தப் பதிப்பின் மாற்றக் குறிப்பும்
இந்த மூன்றுக்குள் அடங்கிவிடும்.
கெடுதல்தான் எப்போதும் நீளம்.

கூடு விட்டுக் கூடு பாயும் கதைகளில்
பாய்கிறவனைத்தான் பேசுகிறார்கள்.
புதுக் கூட்டின் விலா எலும்புகளை
இரவெல்லாம் எண்ணிப் பார்த்து
இங்கே ஒன்று குறைகிறதே
என்று திகைப்பவளை யாரும் பேசுவதில்லை.

இப்போது ஐந்தாவது.
இடது ஓரம் என்ற பெயரே இதில் இல்லை.

சர்மீதே சொன்னாள்:
"அவர்களே தருகிறார்களே, வெள்ளையாக, மெத்தென்று.
உன்னுடையதை யார் உடுத்துகிறார்கள்?
எண்ணிப் பார்."

எண்ணினாள்.
எண்ணூற்றுப் பன்னிரண்டு பேரில்
ஒருவர்.
தாலிவால்டிஸ், துறைமுகத்தில் இரவுக் காவல்.
வெல்கா என்ற பெயர்கூடப் பட்டியலில் இல்லை;
எப்போதோ சோதனைக்காக வெள்ளைக்கு மாறியவள்
திரும்ப மறந்திருக்கிறாள்.

ஒருவருக்காகப் பதினோரு இரவு.
கூலி இல்லை, கேட்பாரும் இல்லை,
ஏன் என்று அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.
கோட்டுக்குத்தான் இடமில்லை,
நிழலுக்கு இருந்தது.
நிழலை உட்பக்கம் திருப்பி,
மங்கலைப் பூஜ்யமாக்கி,
மஞ்சள் பூசி,
'நான் கோடு' என்று
பொய் சொல்லப் பழக்கினாள்.

அடைப்புக்குறி கடைசியில்
ஒரு குறிப்புரைக்குள் கிடந்தது,
அவளே ஏழு வருடம் முன் எழுதியது:
'இதைத் தொடாதே.'

காலை நான்கு பத்துக்குக் கடிதம்.

"நன்றி. எல்லாம் பழையபடி.
மஞ்சள் மட்டும் கொஞ்சம்
எலுமிச்சைப் பக்கம் போயிருக்கிறது.
முன்பு கடுகு."

அப்படி இருக்க வழியே இல்லை என்று
பழைய கோப்பைத் திறந்தாள்.
ஆறு இலக்கம். மூன்றாம் இடத்தில் எட்டு.
புதியதில் ஒன்பது.
தூக்கத்தில் விரல் ஒரு கட்டை
தள்ளி விழுந்திருக்கிறது.

எண்ணூற்றுப் பதினொரு பேர்
பச்சையாக்கினாலும் சொல்லியிருக்க மாட்டார்கள்.
கொதித்த தேநீர் ஆறி ஏடு கட்டும்வரை
சிரித்தாள், சத்தமில்லாமல்,
குழந்தை எழுந்துவிடும்.

அவர் கடிதத்துக்குக் கீழே இன்னொன்று,
தடித்த எழுத்தில், திறக்கப்படாமல்:
ஆறாம் பதிப்பு, முன்னோட்டம்.

இருக்கட்டும்.

ஒன்பதை அழித்தாள்.
எட்டு.